பறித்த வாரத்தைப் பொட்டலத்தில் எழுதும் விதைக்கடை: பழனி மலையிலிருந்து ஒரு மதிப்புரை

பெருமாள்மலையிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலையில், சற்று உள்ளடங்கிய ஓரிடத்தில், மலைக்காய்கறி விதைகளை மட்டும் விற்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. மேல்மலையில் சொந்த நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயக் குடும்பம் அதை நடத்துகிறது. பெயரைப் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே குறிப்பிடவில்லை. பட்டர் பீன்ஸ், முருங்கை பீன்ஸ், பட்டாணி, கேரட், முள்ளங்கி ஆகியவற்றின் விதைகளை அங்கே சில பருவங்களாக வாங்கி என் தோட்டத்தில் விதைத்தும், நான் தாவரவியல் கற்பிக்கும் கல்லூரியின் ஆய்வகத்தில் சோதித்தும் வருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பீன்ஸ் விதைக்கு இந்த மலையில் இதைவிட நல்ல கடையை நான் பார்த்ததில்லை. கேரட்டும் முள்ளங்கியும் கொடுக்கும் காசுக்குத் தகுதியானவை. பட்டாணியை மட்டும், எந்த மாதத்தில் பறித்த சரக்கு என்று பாராமல் வாங்கக் கூடாது.

கடைகளில் கிடைக்கும் விதைப் பொட்டலங்களில் இரகத்தின் பெயர், முளைப்புத்திறன், புறத்தூய்மை, சோதித்த நாள், காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். அவை தேவையானவையே. ஆனால் அவை அனைத்தும் விதை செடியைவிட்டுப் பிரிந்த பிறகு எடுக்கப்பட்ட அளவுகள். இந்தக் கடையின் பொட்டலத்துக்குள் வைக்கும் துண்டுச்சீட்டில் வேறு நான்கு செய்திகள் கையால் எழுதப்பட்டிருக்கின்றன: செடி பூத்த வாரம், நெற்றைப் பறித்த வாரம், நெற்று எங்கே எப்படி உலர்த்தப்பட்டது, பொட்டலம் கட்டிய அன்று விதையில் இருந்த ஈரம். விதை எவ்வாறு உருவாகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த நான்கும் முளைப்புத்திறன் எண்ணைவிட அதிகம் சொல்லும். இந்தக் கடையை நான் மதிப்பதற்கு முதற்காரணம் இந்தச் சீட்டுதான் என்பதால், அதில் உள்ள ஒவ்வொரு செய்தியும் ஏன் முக்கியம் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பூக்கும் தாவரங்களில் விதையின் வாழ்வு இரட்டைக் கருவுறுதலில் தொடங்குகிறது. மகரந்தம் கொண்டுவரும் இரண்டு ஆண் கேமீட்களில் (இனப்பெருக்க உயிரணுக்களில்) ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகிறது. மற்றொன்று சூலின் நடுவே உள்ள துருவ உட்கருக்களோடு கூடி, கருவுக்கு உணவாகும் கருவூண் திசுவாகிறது. 1898 இல் நவாஷின் என்ற ரஷ்ய அறிஞரும், அடுத்த ஆண்டில் கினார் என்ற பிரெஞ்சு அறிஞரும் இதை வெளிப்படுத்தினார்கள். கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் கருவூண் திசு கடைசிவரை நிலைத்து, நாம் உண்ணும் மாவாக இருக்கிறது. பீன்ஸிலும் பட்டாணியிலும் கரு வளர வளர அதைத் தின்று தீர்த்துவிடுகிறது; உணவு முழுவதும் இரண்டு விதையிலைகளில் சேர்கிறது. நாம் உடைத்துப் பார்க்கும் பருப்பின் இரு பாதிகளும் அந்த விதையிலைகளே.

கருவுற்ற முதல் நாட்களில் விதையின் எடை அதிகம் கூடுவதில்லை. அப்போது உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதே நடக்கிறது. வெளியில் இருந்து பார்த்தால் எதுவும் நடக்காதது போலத் தோன்றும் இந்தக் கட்டத்தில்தான், ஒரு கிராம் திசுவுக்கு என்று கணக்கிட்டால், விதையின் சுவாசம் மிகுந்திருக்கிறது. புதிய உயிரணுச் சுவர்கள், சவ்வுகள், புரதங்கள், சுவாசம் நடக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் ஆகிய அனைத்தையும் கட்டுவதற்கு வேண்டிய ஆற்றலைச் சர்க்கரையை எரித்தே பெற வேண்டியிருப்பதால் அப்படி. விதையிலையில் எத்தனை உயிரணுக்கள் இருக்கும் என்பது பெரும்பாலும் இக்கட்டத்தில் தீர்மானமாகிவிடுகிறது. பின்னர் எவ்வளவு நீரும் உரமும் கொடுத்தாலும் அந்த எண்ணிக்கை விதிக்கும் வரம்பைத் தாண்டி விதை பருக்க முடியாது. பூத்த வாரத்தைச் சீட்டில் எழுதுவதன் பயன் இங்கேதான் தெரிகிறது. அந்த வாரத்தில் மலையில் வறட்சி இருந்ததா, தொடர்மழை இருந்ததா என்று இங்கே வாழ்பவர்களுக்கு நினைவிருக்கும். நல்ல வாரத்தில் பூத்த செடியின் விதை என்றால், உள்ளே உயிரணுக்கள் குறைவின்றிப் பிரிந்திருக்கும் என்று நம்பி வாங்கலாம்.

அடுத்த கட்டம் நிரம்பும் கட்டம். இலையில் உருவான சர்க்கரை காயின் நரம்புகள் வழியாக விதையுறைவரை வந்து சேர்கிறது. தாய்ச்செடியின் நரம்பு அதற்கு உள்ளே போவதில்லை. கருவுக்கும் தாய்க்கும் இடையே நேரான குழாய்த்தொடர்பு கிடையாது. விதையுறை தன் உட்புறத்தில் சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் கசியவிட, கரு அவற்றைத் தன் புறத்தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியதை ஸ்டார்ச்சாகவும் புரதமாகவும் மாற்றி அடுக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவை 1970களில் பயிர் உடலியலாளர்கள் கணக்கிட்டார்கள். ஒளிச்சேர்க்கையில் கிடைத்த சர்க்கரை 1 கிராம் செலவானால் 0.83 கிராம் ஸ்டார்ச் கிடைக்கும். அதே 1 கிராமிலிருந்து புரதம் என்றால் 0.40 கிராமும், எண்ணெய் என்றால் 0.33 கிராமும்தான் கிடைக்கும். மீதியில் ஒரு பகுதி சுவாசத்தில் கரியமில வாயுவாக வெளியேறிவிடுகிறது. பீன்ஸ் விதையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் இருப்பதால், அதே எடையுள்ள நெல்லைவிடப் பீன்ஸ் விதையை நிரப்பச் செடி கூடுதலாகச் சர்க்கரையைச் செலவிட வேண்டும். இந்தக் கட்டத்தில் ஒரு கிராமுக்கான சுவாசம் குறைந்துகொண்டே வந்தாலும், விதை பெரிதாகிவிட்டதால், ஒரு முழு விதையின் மொத்தச் சுவாசம் உச்சத்தைத் தொடுகிறது. நோயால் இலை உதிர்ந்த செடியின் விதை ஏன் சப்பையாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இவ்வளவு சுவாசத்துக்கும் ஆக்சிஜன் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி என்னை நெடுநாள் ஈர்த்திருக்கிறது. காயின் தோல், காயின் உட்குழி, விதையுறை ஆகிய மூன்றையும் கடந்துதான் காற்று கருவை அடைய வேண்டும். ஜெர்மனியின் காட்டர்ஸ்லேபென் ஆய்வு நிலையத்தில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊசிமுனை போன்ற நுண்ணுணரிகளைப் பட்டாணி விதைக்குள்ளும் ஃபாபா பீன்ஸ் விதைக்குள்ளும் செலுத்திப் பார்த்தார்கள். இருளில் கருவுக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருந்தது. ஒளி பட்டதும் ஏறியது. காரணம், வளரும் கரு பச்சையாக இருக்கிறது. காய்த்தோலைக் கடந்து வரும் மங்கலான ஒளியில் அது தானே ஒளிச்சேர்க்கை செய்து, தன் சுவாசத்துக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பங்கைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. சமையலுக்குப் பச்சைப் பட்டாணி உரிக்கும்போது நாம் பார்க்கும் அந்தப் பச்சை நிறம் வெறும் அழகுக்காக இல்லை என்பதை என் மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் சொல்லி வருகிறேன்.

காயின் ஓட்டுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. பட்டாணிக் காயின் ஓட்டில் ஒளிச்சேர்க்கை செய்யும் அடுக்குகள் இரண்டு இருக்கின்றன. வெளி அடுக்கு வெளிக்காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுக்கிறது. உள் அடுக்கு, விதைகள் சுவாசித்து விட்டதால் காய்க்குழிக்குள் தேங்கி நிற்கும், வெளிக்காற்றைவிடப் பல மடங்கு செறிந்த கரியமில வாயுவைப் பிடித்து மீண்டும் சர்க்கரையாக்குகிறது. சுவாசத்தில் இழந்ததில் ஒரு பகுதி அந்தக் காய்க்குள்ளேயே மீட்கப்படுகிறது. எனவே புழு துளைத்த காய், நோய்ப்புள்ளி விழுந்த காய், ஓடு கருகிய காய் ஆகியவற்றின் விதை முழுதாகத் தெரிந்தாலும் அதை விதைக்கு எடுக்கக் கூடாது. இந்தக் கடைக்காரர்கள் அத்தகைய காய்களைச் சமையலுக்கு ஒதுக்கிவிட்டு, ஓடு பழுதில்லாத காய்களை மட்டும் செடியில் நெற்றாக விடுகிறார்கள். அவர்களுடைய வயலில் இதை நேரில் பார்த்தேன்.

மலையின் குளிருக்கு இதில் என்ன பங்கு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஏறத்தாழ 2100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் பகல் வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். கீழே வத்தலக்குண்டில் அது எளிதாக 35 டிகிரியைத் தாண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் சுவாச வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது. சமவெளியின் வெப்பமான இரவுகளில், பகலில் இலை சேர்த்த சர்க்கரையில் பெரும்பங்கு, உள்ள திசுக்களைப் பராமரிக்கும் சுவாசத்துக்கே போய்விடுகிறது. அதோடு வெப்பம் விதை நிரம்பும் காலத்தையும் சுருக்கிவிடுகிறது. நிரம்பும் வேகம் கூடினாலும், குறைந்துபோன நாட்களை அது ஈடுகட்டுவதில்லை. மலையின் குளிர்ந்த இரவில் இந்த இழப்பு குறைகிறது, காலம் நீள்கிறது, விதை நிதானமாகப் பருக்கிறது. இந்தக் கடையின் பட்டர் பீன்ஸ் விதையையும், அதே போன்ற விதையை அடிவாரத்தில் பயிரிட்டு எடுத்ததையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

ஆனால் குளிர்ந்த மலையில் விதையை நிரப்புவது எளிது; உலர்த்துவது கடினம். கடையின் உண்மையான திறமை இந்த மூன்றாம் கட்டத்தில்தான் இருக்கிறது.

இளம் விதையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் நீர்தான். உணவு சேரச் சேர நீர் இடம்பெயர்ந்து, பீன்ஸ் விதை தன் முழு உலர் எடையை அடையும்போது அதன் ஈரம் ஏறக்குறைய பாதியாக இருக்கும். அத்தோடு தாயிடமிருந்து வரும் வரத்து நிற்கிறது. இந்தப் புள்ளியில் பறித்து வேகமாகக் காயவைத்தாலும் விதை பெரும்பாலும் முளைக்கத்தான் செய்யும். ஆனால் நெடுநாள் தாங்கும் வலிமை அதற்கு இன்னும் முழுமையாக வந்திருக்காது. அடுத்து வரும் நாட்களில், விதை மெல்ல உலரும்போது, அதற்குள் நிறைய வேலை நடக்கிறது. அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் முளைக்கும் முனைப்பை அடக்கி வைத்திருக்கிறது. நீர் போன இடத்தில் சவ்வுகளும் புரதங்களும் ஒட்டிச் சிதையாமல் காக்கும் தனிவகைப் புரதங்கள் சேர்கின்றன. சுக்ரோஸோடு ரஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் ஆகிய சர்க்கரைகள் திரள்கின்றன. (பயறு தின்றால் வாயு சேர்வதற்குக் காரணமாகச் சொல்லப்படுபவை இதே சர்க்கரைகள்தாம், விதையைக் காப்பது நம் குடலைச் சோதிக்கிறது.) ஈரம் குறையக் குறைய மைட்டோகாண்ட்ரியாக்களின் சுவாசமும் அடங்குகிறது, இறுதியில் உயிரணுவின் உட்பொருள் கண்ணாடி போல இறுகிய நிலையை அடைகிறது. நெற்றை அவசரப்பட்டுப் பறித்தால் இந்த வேலைகள் பாதியில் நின்றுபோகும்.

கடையை நடத்தும் அம்மா இதைத் தமக்கே உரிய முறையில் சொன்னார்: “பச்சையா பறிச்சா எடை நிக்கும் டீச்சர், ஆனா அடுத்த பட்டத்துக்கு உசுரு நிக்காது.” அவர்கள் காய் பச்சை மாறி, ஓடு தோல் போலத் தளர்ந்து மஞ்சளாகும்போது கொடியோடு அறுத்து, தகரக் கூரையிட்ட, பக்கங்கள் திறந்த ஒரு கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். மழையோ பனியோ நேராகப் படுவதில்லை. ஆனால் நெற்று கொடியோடு இருப்பதால் உலர்வது மெதுவாகவே நடக்கிறது. நெற்று சலசலக்கத் தொடங்கியதும் உரித்து, மூங்கில் தட்டுகளில் பரப்பி, விசிறி வைத்த அறையில் இரண்டாம் முறை உலர்த்துகிறார்கள். வெயில் காட்டினாலும் காலை வெயில்தான். ஈரமுள்ள விதையைச் சூடான தரையில் கொட்டினால் கரு வெந்துபோகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாம் உலர்த்தல் ஏன் தேவை என்று கேட்பவர்கள் கொடைக்கானலின் மூடுபனியை நினைத்துப் பார்க்க வேண்டும். விதை தன்னைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வரும் இயல்புடையது. காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை எட்டும் நாட்களில், திறந்து வைத்த பீன்ஸ் விதையின் ஈரம் 15 விழுக்காட்டை நெருங்கிவிடும். அந்த ஈரத்தில் விதையின் சுவாசம் முற்றிலும் அடங்காது; விதையின் மேல் இருக்கும் பூஞ்சைகளின் சுவாசமும் சேர்ந்துகொள்ளும்; சுவாசம் நீரையும் வெப்பத்தையும் வெளிவிடும்; அந்த நீரும் வெப்பமும் சுவாசத்தை மேலும் தூண்டும். மூட்டைக்குள் கை விட்டால் சூடு தெரிவது இதனால்தான். நம் நாட்டின் விதைச் சான்றளிப்புத் தரத்தின்படி பீன்ஸ் விதைக்குச் சாதாரண உறையில் ஈரம் 9 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. முளைப்புத்திறன் 75 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இந்தக் கடையின் பீன்ஸ் சீட்டுகளில் நான் பார்த்தவரை ஈரம் இந்த வரம்புக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் உலர்த்தி எடைபோட்டுச் சரிபார்த்தபோதும் அது பொய்க்கவில்லை.

கடையிலேயே வாடிக்கையாளர் முன் உப்புச் சோதனையும் செய்து காட்டுகிறார்கள். நன்கு உலர்ந்த கண்ணாடிக் குப்பியில் காய்ந்த உப்பையும் சில கைப்பிடி விதையையும் போட்டுக் குலுக்கிச் சற்று நேரம் விட்டுவைக்கிறார்கள். உப்பு குப்பியின் சுவரில் ஒட்டினால் விதையில் இன்னும் ஈரம் மிகுதி. ஒட்டாமல் உதிர்ந்தால் காய்ந்திருக்கிறது. துல்லியமான அளவு இதில் கிடைக்காது என்றாலும், வாங்குபவர் தம் வீட்டிலும் செய்துகொள்ளக்கூடிய சோதனை என்பதால் இதை அவர்கள் தொடர வேண்டும்.

என் பங்குக்கு நான் செய்த சோதனைகளில் டெட்ரசோலியம் சோதனையே எனக்கு மிகவும் பயன்பட்டது. நீரில் ஊறிய விதையை இரண்டாகப் பிளந்து நிறமற்ற டெட்ரசோலியம் கரைசலில் வைத்தால், சுவாசிக்கும் திசுவில் இருக்கும் டிஹைட்ரஜனேஸ் நொதிகள் அதைச் சிவப்பாக மாற்றும்; செத்த திசு வெளுத்தே கிடக்கும். முளைக்கும்வரை காத்திராமல் ஒரே நாளில் விதையின் உயிர் எந்தப் பகுதியில் இருக்கிறது, எங்கே இல்லை என்பதைக் கண்ணால் காணலாம். இந்தக் கடையின் பட்டர் பீன்ஸ், முருங்கை பீன்ஸ் இரண்டிலும் முளைவேரும் விதையிலைகளும் ஒரே சீராகச் சிவந்தன. சந்தையில் உதிரியாக வாங்கிய, பறித்த காலம் தெரியாத பீன்ஸில் விதையிலைகளின் நடுவே வெளுத்த திட்டுகள் நிறைய இருந்தன. அவற்றில் பல முளைக்கவும் செய்தன. ஆனால் நாற்று நோஞ்சானாக எழுந்தது. முளைப்புத்திறன் எண் ஒன்றை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

சீட்டின் பின்புறத்தில் உள்ள ஒரு வரியைத் தனியாகப் பாராட்ட வேண்டும். நன்கு உலர்ந்த விதையை விதைப்பதற்கு முந்தின இரவு பொட்டலத்தைத் திறந்து காற்றாட வைக்கும்படி அதில் எழுதியிருக்கிறது. அளவுக்கு மீறி உலர்ந்த பீன்ஸ் விதை குளிர்ந்த ஈரமண்ணில் விழுந்தால் நீர் வெகுவேகமாக உள்ளே பாய்ந்து, சவ்வுகள் சீராகும் முன்பே உயிரணுக்களின் உட்பொருள் வெளியே கசிந்துவிடும். விதையிலைகளில் குறுக்கு விரிசலும் விழும். மேல்மலையின் குளிர்ந்த மண்ணில் இது அடிக்கடி நேர்வது. ஒரு இரவு மலைக்காற்றின் ஈரத்தை மெல்ல ஏற்றுக்கொண்ட விதை இந்த அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. பெரிய நிறுவனங்களின் பொட்டலங்களில்கூட இந்த அறிவுரையை நான் கண்டதில்லை.

இனி குறைகள். பட்டாணிதான் முதற்குறை. வடகிழக்குப் பருவமழையின்போது நெற்றான பட்டாணியை அவர்கள் விற்கிறார்கள். விற்கக் கூடாது என்பது என் கருத்து. முதிர்ந்த நெற்று மழையில் நனைவதும் காய்வதுமாக மாறி மாறி இருந்தால், அடங்கிய சுவாசம் மீண்டும் எழுகிறது. சேமித்த உணவு வீணாகிறது. விதையுறை சுருங்கி விரிந்து விரிசல் விடுகிறது. சில விதைகள் நெற்றுக்குள்ளேயே முளை காட்டிவிடுகின்றன. நான் வாங்கிய பொட்டலத்தில் விதையுறை பழுப்பேறி இருந்தது. நாற்றுகள் ஏறுமாறாக எழுந்தன. சீட்டில் பறித்த வாரத்தை மறைக்காமல் எழுதியிருந்தார்கள் என்பதையும், திருப்பிக் கொடுத்தபோது மறுபேச்சின்றி வேறு சரக்கைக் கொடுத்தார்கள் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆயினும் சீட்டைப் படித்துப் பொருள்கொள்ளத் தெரியாத ஒரு புதியவர் கையில் அந்தப் பொட்டலம் போயிருந்தால், அவர் தன் மண்ணையே குறை சொல்லிக்கொண்டிருப்பார். மழைக்காலப் பட்டாணியை அவர்கள் பருப்பாகவே விற்றுவிடலாம்.

இரண்டாவது குறை உறை. விதையை இவ்வளவு பாடுபட்டு உலர்த்திவிட்டுக் காகித உறையில் போட்டுத் தருகிறார்கள். மூடுபனிக் காலத்தில் காகிதம் ஈரத்தைத் தடுப்பதில்லை. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஹாரிங்டன் என்ற விதையியலாளர் வகுத்த ஒரு நடைமுறை விதி உண்டு: விதையின் ஈரம் 1 விழுக்காடு குறைந்தால் அதன் வாழ்நாள் இருமடங்காகும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் இருமடங்காகும். மலை இரண்டாவதை இலவசமாகத் தருகிறது. முதலாவதைக் காகித உறை கெடுத்துவிடுகிறது. அலுமினியத் தாள் உறைக்கு மாறினால் பொட்டலத்துக்குச் சில ரூபாய் கூடும். வாங்குபவர்கள் அதைத் தருவார்கள். ஆனால் காற்றுப்புகா உறைக்கு மாறினால் விதையை இன்னும் ஒன்றிரண்டு விழுக்காடு கூடுதலாக உலர்த்தியாக வேண்டும்; பீன்ஸுக்கு அந்த வரம்பு 7 விழுக்காடு. ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் காகிதத்தைவிட அதுவே மோசம்.

சீட்டில் ஒரு பிழையும் இருக்கிறது. “உலர்ந்த விதை சுவாசிப்பதில்லை, எனவே கெடாது” என்று அச்சிட்டிருக்கிறார்கள். நன்கு உலர்ந்த விதையில் மைட்டோகாண்ட்ரியாக்களின் சுவாசம் அளக்க இயலாத அளவுக்கு அடங்கிவிடுகிறது என்பது சரி. ஆனால் ஆக்சிஜன் கொழுப்புகளையும் சவ்வுகளையும் மெல்லச் சிதைப்பது நிற்பதில்லை. அதனால்தான் எவ்வளவு நன்றாக உலர்ந்த விதைக்கும் வயது ஏறுகிறது. அடுத்த அச்சில் அந்த வரியைத் திருத்துவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

கேரட் விதையைப் பற்றி அதிகம் குறை சொல்ல இடமில்லை. கேரட் முதற்பருவத்தில் கிழங்கும், குளிரைக் கண்ட பின் அடுத்த பருவத்தில் பூவும் தரும் செடி. அதன் பூங்கொத்து குடை போல விரியும். பூக்கும்போது உச்சியில் முதற்குடையும், பக்கக் கிளைகளில் இரண்டாம், மூன்றாம் குடைகளும் வெவ்வேறு நாட்களில் விரிகின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுத்தால், முதற்குடையின் விதை முற்றியிருக்கும்போது மூன்றாம் குடையின் விதையில் கரு இன்னும் மிகச் சிறியதாகவே இருக்கும். கேரட்டில் முற்றிய கருவே சிறியது, விதைத்த பிறகும் கருவூண் திசுவைத் தின்று வளர்ந்துதான் அது வெளியே வருகிறது. முதற்குடை, இரண்டாம் குடை ஆகியவற்றின் விதையைத் தனித்தனியே அறுத்துத் தனித்தனி விலைக்கு இவர்கள் விற்கிறார்கள். முதற்குடை விதையை வாங்குங்கள்; நாற்று ஒரே சீராக எழும், களையெடுப்பும் எளிதாகும்.

முள்ளங்கி நன்றாகவே முளைத்தது. அது எண்ணெய் சேர்க்கும் விதை என்பதால் நிரப்பும் செலவு அதிகம். அதன் உறவான எண்ணெய்க் கடுகின் வளரும் பச்சைக் கருவை ஆராய்ந்து 2004 இல் வெளிவந்த ஒரு முடிவு வியப்பூட்டுவது: கருவில் உள்ள, கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதி, ஒளிச்சேர்க்கையில் சர்க்கரையை உருவாக்கும் வழக்கமான கால்வின் சுழற்சி முழுவதும் இல்லாமலே, எண்ணெய் உருவாகும்போது வெளியேறும் கரியமில வாயுவை மீண்டும் பிடித்து, கார்பன் இழப்பை 40 விழுக்காடு குறைக்கிறது. காய் பச்சையாக, வெயில் படும்படி நின்றால்தான் இது நன்கு நடக்கும். முள்ளங்கியை நெருக்கி விதைக்காமல் இடைவெளி விட்டு விதைக்காக வளர்ப்பவர்களின் அனுபவமும் இதோடு ஒத்துப்போகிறது.

மலைப்பூண்டும் அங்கே விற்கிறார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019 இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோரும் அறிந்ததே. ஆனால் நடுவதற்கு விற்கப்படும் பூண்டுப் பல் பூவிலிருந்து வந்த விதை அல்ல என்பதால் இந்த மதிப்புரையில் அதைச் சேர்க்கவில்லை.

விலை, சந்தைப் பொட்டலத்தைப் போல ஏறக்குறைய இருமடங்கு. பீன்ஸுக்கு அது தகும். ஒருமுறை வாங்கினால், அவர்கள் சொல்லித்தரும் முறையில் நீங்களே நெற்றெடுத்து அடுத்த பட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பீன்ஸ் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்வதால் இரகம் எளிதில் கலப்பதில்லை. கேரட்டும் முள்ளங்கியும் அப்படியில்லை. பூச்சிகள் மகரந்தத்தைத் தொலைவிலிருந்தும் கொண்டுவந்துவிடும். அவற்றை ஒவ்வொரு முறையும் கடையிலேயே வாங்குவது நல்லது. அஞ்சலில் அனுப்புவதில்லை, நேரில்தான் போக வேண்டும். கேட்டால் வயலையும் உலர்த்தும் கொட்டகையையும் பொறுமையாகக் காட்டுகிறார்கள்.

போகிறவர்கள் காலம் பார்த்துப் போவது நல்லது. மழை ஓயும் தறுவாயில் காய் பிடித்து, ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் வறண்ட வெயிலில் நெற்றான பட்டர் பீன்ஸ் பொட்டலங்கள் மார்ச் மாதத்தில் கடைக்கு வருகின்றன. ஜனவரியில் பள்ளமான நிலங்களில் உறைபனி விழும். ஈரம் மிகுந்த நெற்று அதில் மாட்டினால் விதை செத்துவிடும். நன்கு உலர்ந்த நெற்று தாங்கிக்கொள்ளும். ஆகவே சீட்டில் நெற்றைப் பறித்த வாரத்தோடு, அது சரிவு நிலமா பள்ள நிலமா என்பதையும் கேட்டு, சரிவில் விளைந்ததைத் தேர்ந்தெடுத்து வாங்குங்கள். நவம்பர், டிசம்பர் மாதங்களில் பறித்ததாக எழுதியிருக்கும் பட்டாணிப் பொட்டலத்தை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.